பார்க்கிங் சம்மன் வந்துவிட்டதா? கட்டுவதற்கு முன் படிக்க ஒரு கேள்வி-பதில் தொகுப்பு

மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் தொண்டூழியத்தில் நீண்ட காலமாக இருக்கிறேன். வாடகை, பள்ளி, விசா என்று எதற்கெதற்கோ வருவார்கள். ஆனால் பார்க்கிங் சம்மனோடு ஒருவராவது வராத மாலை அபூர்வம். சிங்கப்பூர் இத்தனை சின்ன ஊர், வண்டி நிறுத்த இத்தனை விதி. கேட்கிற முகம் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். அபராதத் தொகைகளை வேண்டுமென்றே போடவில்லை. வண்டியின் வகை, குற்றம், முன்பு செய்ததுண்டா என்பதைப் பொறுத்து அது மாறும். உங்கள் அறிவிப்பில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

கண்ணாடியில ஒரு பேப்பர் செருகியிருக்கு. என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடறாங்களா?

இல்லை. எல்லாரும் சம்மன் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அந்தத் தாள் பார்க்கிங் குற்ற அறிவிப்பு மட்டுமே. "இன்ன தேதிக்குள் இந்தத் தொகையைக் கட்டினால் வழக்குப் போடமாட்டோம்" என்று அமைப்பு உங்களுக்குக் கொடுக்கும் வாய்ப்பு அது. கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. நீதிமன்றத் தண்டனையாக அது எங்கும் பதிவாகாது. வேலை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமோ என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம்.

உண்மையான நீதிமன்ற அழைப்பாணை வேறு. அதில் அரசு நீதிமன்றங்களின் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். அது வந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

யார் போட்டதா இருந்தா என்ன, எல்லாம் அரசாங்கம்தானே?

அரசாங்கம்தான், ஆனால் கதவு வேறு வேறு. அடுக்குமாடி புளோக் கீழே உள்ள கார்பேட்டை பெரும்பாலும் வீவகவுடையது, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துடையது. சாலையோரக் கூப்பன் லாட்டுகளும் (தேதியையும் நேரத்தையும் கிழித்துக் காட்டும் கட்டணச் சீட்டை வைத்து நிறுத்தும் கட்டங்கள்) கடைவீட்டு வட்டாரத் திறந்தவெளிப் பேட்டைகளும் பெரும்பாலும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பொறுப்பு. மஞ்சள் கோடு, பேருந்து நிறுத்தம், சந்திமுனை என்று சாலையிலேயே நிறுத்திய குற்றம் என்றால் நிலப் போக்குவரத்து ஆணையமோ போக்குவரத்துப் போலிசோ அனுப்பியிருக்கும். பூங்கா வாசல் என்றால் தேசியப் பூங்காக் கழகம்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இதைப் பார்த்தால் சட்டென்று விளங்கும். தேக்கா நிலையத்துக் கார்பேட்டையில் நிறுத்தியவருக்கு வருவது ஒரு இடத்திலிருந்து. இடம் கிடைக்காமல் பக்கத்துச் சந்தில் கோட்டின் மேல் விட்டுவிட்டு மல்லிகைப்பூ வாங்கப் போனவருக்கு வருவது வேறு இடத்திலிருந்து. தவறான அமைப்புக்கு மனுப் போட்டால் அவர்கள் "எங்களுடையது அல்ல" என்று சொல்வதற்குள் கெடு ஓடிவிடும். தாளின் மேல்பகுதியில் உள்ள அமைப்பின் பெயரையும் அறிவிப்பு எண்ணையும் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில ஒண்ணுமே இல்ல. நேரா வீட்டுக்கு லெட்டர் வந்திருக்கு. அது செல்லுமா?

செல்லும். சட்டவிரோதமாக நிறுத்துவது அதிகமுள்ள சாலைகளில் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014 முதல் கண்காணிப்புக் கேமராக்களைப் பயன்படுத்துகிறது. அதிகாரி யாரும் பக்கத்தில் வந்திருக்கவே மாட்டார். வண்டி எண்ணைப் பார்த்து, பதிவான முகவரிக்குக் கடிதம் போகும். கண்ணாடியில் வைத்த தாள் மழையில் போயிருக்கலாம், யாராவது எடுத்தும் இருக்கலாம். "எனக்குத் தாளே கிடைக்கவில்லை" என்பது கால அவகாசம் கேட்க உதவும். அபராதத்தை ரத்து செய்ய உதவாது.

முகவரி மாறியவர்கள் கவனிக்க: கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால், சம்மன் பற்றித் தெரிவதே நீதிமன்றக் கட்டத்தில்தான்.

எஸ்எம்எஸ்ல லிங்க் வந்திருக்கு, இன்னைக்கே கட்டணுமாம். உண்மைதானா?

அந்த லிங்கைத் தொடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் "கவ் டாட் எஸ்ஜி" என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. பெயர் எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: நீங்களாகவே அந்த அமைப்பின் இணையத்தளத்தைத் திறந்து, சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான உங்கள் அடையாளக் கணக்கு) மூலம் நுழைந்து, உங்கள் வண்டி எண்ணுக்கு அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணங்கள் செலுத்தும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்திலும் பார்க்கலாம். அங்கே இல்லையென்றால் ஏமாற்று வேலை. சந்தேகம் தீரவில்லையா, 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழையுங்கள்.

முதல்ல கட்டிடறேன், அப்புறமா அப்பீல் பண்ணிப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கலாமா?

வேண்டாம். முதல் கேள்வியில் சொன்னதுதான்: அது ஒரு வாய்ப்பு; பணம் கட்டுவது அதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஏற்றுக்கொண்டுவிட்டு மறுப்பது எடுபடாது. மறுக்கப் போகிறீர்கள் என்றால் கெடு தேதிக்குள் முறையீட்டை அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

கெடுவின் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு உட்காருவது நம்மவர்கள் பழக்கம். சிங்பாஸ் கடவுச்சொல் மறந்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.

அப்பீலுக்குக் காசு உண்டா? வக்கீல் வேணுமா?

இரண்டும் வேண்டாம். வீவக, நகர மறுசீரமைப்பு ஆணையம், நிலப் போக்குவரத்து ஆணையம் எல்லாவற்றுக்கும் இணையத்தில் முறையீடு செய்ய வழி இருக்கிறது. அறிவிப்பு எண், வண்டி எண், காரணம், இணைப்புகள், அவ்வளவுதான். "நான் முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்கிறவரிடம் சிங்பாஸைக் கொடுத்துவிடாதீர்கள். இணையம் பழகாத பெரியவர்கள் பிள்ளைகளையோ சமூக மன்றத்தில் உதவுபவர்களையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கள் கையாலேயே நுழையட்டும்.

என்ன எழுதறதுன்னே தெரியல. நடந்ததை எல்லாம் எழுதிடவா?

இங்கேதான் பாதி மனுக்கள் தோற்கின்றன. உட்காரும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: குற்றமே நடக்கவில்லை என்கிறேனா, நடந்தது, மன்னியுங்கள் என்கிறேனா? முதலாவது மறுப்பு. இரண்டாவது கருணை. இரண்டும் வேறு வேறு மனு. ஒரே தாளில் இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று கொன்றுவிடும்.

போன மாதம்கூட ஒரு பெரியவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் பத்தியில் "நான் கட்டணம் செலுத்திவிட்டேன்". அடுத்ததில் "கூட்டமாக இருந்ததால் செலுத்த நேரமில்லை". மூன்றாவதில் மகளின் கல்யாணச் செலவு. நான்காவதில் முப்பது வருஷமாக நாட்டுக்கு உழைத்த கதை. படிக்கிற அதிகாரிக்கு முதல் பத்தியின் மேல் இருந்த நம்பிக்கை இரண்டாவதிலேயே போயிருக்கும். விசாரித்தபோது, அவர் உண்மையிலேயே செயலியில் கட்டியிருந்தார். ரசீது போனில் இருந்தது. மற்ற மூன்று பத்திகளையும் அடித்துவிட்டு ரசீதை இணைத்தோம்.

மறுப்பு என்றால் ஆதாரம் பேச வேண்டும், நீங்கள் பேசக்கூடாது. கருணை என்றால் குற்றத்தை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். "தெரியாமல் நடந்துவிட்டது, ஆனால் அதிகாரியும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்" என்ற வரி கருணையும் அல்ல, மறுப்பும் அல்ல. வெறும் புலம்பல்.

ஒரு மாதிரி எழுதிக் காட்டுங்களேன்.

மறுப்பு மனு இவ்வளவு நீளம் போதும்:

"அறிவிப்பு எண் (இன்னது). இன்ன தேதி காலை 10.14 மணிக்குக் கட்டணம் இல்லாமல் நிறுத்தியதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. அன்று 10.02 முதல் 11.00 வரை அதே பேட்டைக்குச் செயலி மூலம் கட்டணம் செலுத்தியுள்ளேன். ரசீதின் படம் இணைக்கப்பட்டுள்ளது. அறிவிப்பை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கருணை மனு: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலை என் தாயார் மயங்கி விழுந்ததால் அவசரமாக மருத்துவமனைக்குக் கிளம்பினோம். மருத்துவமனையில் பதிவான நேரம் இணைப்பில் உள்ளது. இந்த வண்டியின் மேல் இதற்கு முன் பார்க்கிங் குற்றம் இல்லை. அபராதத்தைத் தள்ளுபடி செய்யவோ எச்சரிக்கையாக மாற்றவோ பரிசீலிக்க வேண்டுகிறேன்." முன் குற்றம் இல்லை என்ற வரியை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அனுப்புவதை ஆங்கிலத்திலேயே அனுப்புவது வேகம். சின்ன வாக்கியங்கள் போதும், இலக்கணத்துக்கு மதிப்பெண் இல்லை.

எந்த ஆதாரம் எடுபடும்?

நேரம் அச்சான எதுவும் எடுபடும். செயலி ரசீது, அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவுத் தாள், வண்டி பழுதானால் இழுத்துச் சென்றவரின் பில், பட்டறை ரசீது. காருக்குள் கேமரா இருந்தால் அந்தப் பதிவு. அதை உடனே எடுத்து வையுங்கள். சில நாளில் தானாக அழிந்து, மேலே புதியது ஏறிவிடும்.

பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தது, கோடு அழிந்திருந்தது என்கிறீர்களா? நல்ல காரணம்தான், படம் இருந்தால். பலகையை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் போதாது. வண்டி நின்ற இடத்திலிருந்து ஓட்டுநர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது போல ஒரு படம், லாட் எண்ணோ கடைப் பெயரோ தெரியும்படி ஒரு படம், கோட்டின் நிலை தெரிய ஒரு படம். சம்மனைப் பார்த்த அன்றே எடுங்கள். அடுத்த வாரம் கிளையை வெட்டியிருப்பார்கள், கோட்டுக்கும் புது மஞ்சள் அடித்திருப்பார்கள்.

சாட்சியாக மனைவியின் கடிதம், கடைக்காரரின் கையெழுத்து எல்லாம் கொண்டு வருகிறார்கள். தீங்கில்லை. ஆனால் அந்தப் பக்கம் அதிகாரி எடுத்த புகைப்படங்கள் இருக்கும். நீங்கள் வாதாடுவது அந்தப் படத்தோடு என்று நினைத்துக்கொண்டு ஆதாரம் தேடுங்கள்.

ஆப்ல பணம் கட்டினேன், இருந்தும் சம்மன் வந்திருச்சே!

பார்க்கிங் டாட் எஸ்ஜி செயலி 2017 அக்டோபரில் வந்தது. நிமிடக் கணக்கில் கட்டணம், சீக்கிரம் கிளம்பினால் மீதிப் பணம் திரும்பும், இருந்த இடத்திலிருந்தே நேரத்தை நீட்டலாம். கூப்பன் கிழித்த தலைமுறைக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அதிகாரியின் கருவியில் தெரிவது உங்கள் முகம் அல்ல, வண்டி எண். வீட்டில் இரண்டு வண்டி இருந்து, செயலியில் மற்ற வண்டி தேர்வாகியிருந்தால், நிற்கிற வண்டிக்குக் கட்டணம் இல்லை என்றுதான் காட்டும். விற்றுவிட்ட பழைய காரின் எண் இன்னும் பட்டியலில் முதலாவதாக இருப்பது இன்னொரு வழக்கமான காரணம். வாடகைக் கார் எடுத்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

செயலியின் வரலாற்றுப் பகுதியில் அன்றைய பதிவைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: வண்டி எண், பேட்டை, தொடங்கிய நேரம். மூன்றும் சரியென்றால் அது மறுப்பு மனு; தயங்காமல் அனுப்புங்கள். எண் தவறு என்றால் கருணை மனு: தவறான எண்ணுக்குக் கட்டிய ரசீதையும், அந்த வண்டியும் உங்கள் வீட்டுடையது என்பதையும், அந்நேரம் அது வேறு இடத்தில் இருந்ததையும் காட்டுங்கள். பணத்தை ஏய்க்கும் எண்ணம் இல்லை என்பது அதில் தெரியும். தொடங்கிய நேரம் சம்மன் நேரத்துக்குப் பிறகு என்றால், சம்மனைப் பார்த்துவிட்டு அவசரமாகச் செயலியைத் தட்டினீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கூப்பன் வெச்சிருந்தேன், கதவைச் சாத்தினதுல கீழ விழுந்துடுச்சு.

கூப்பன் கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைப்பது ஓட்டுநரின் கடமை. வெறும் கூப்பனைப் படம் எடுத்து அனுப்பினால், பிறகு கிழித்ததா முன்பே கிழித்ததா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கருணைதான். அசல் கூப்பனைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

13-ஆம் தேதி தாவலைக் கிழிக்க வேண்டிய இடத்தில் 12-ஐக் கிழித்தவர், அரை மணிக்கு 60 காசுக் கூப்பனை 1 வெள்ளி 20 காசு கேட்கும் மத்திய வட்டாரத்தில் வைத்தவர் எல்லாரும் இதே வரிசையில்தான். வட்டாரம் எது என்பதைப் பேட்டை வாசல் பலகை சொல்லும்.

அஞ்சு நிமிஷம்தான் நின்னேன், ஹசார்ட் லைட்டும் போட்டிருந்தேனே?

அந்த விளக்கு அனுமதிச் சீட்டு அல்ல. சொல்லப்போனால், "தவறென்று தெரிந்தே நிறுத்தினேன்" என்று வண்டியே கண்ணடிப்பது போலத்தான் அது.

கோடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நேரான ஒற்றை மஞ்சள் கோடு: ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர்த்து காலை 7 முதல் மாலை 7 வரை நிறுத்தக்கூடாது. இரட்டை மஞ்சள்: எந்நேரமும் நிறுத்தக்கூடாது, ஆளை ஏற்றி இறக்கச் சற்று நிற்கலாம். நெளிந்த ஒற்றைக் கோட்டிலும் எந்நேரமும் நிறுத்தக்கூடாது, ஏற்றி இறக்குவதோடு சரி. நெளிந்த இரட்டைக் கோடு: நிற்கவே கூடாது. ஆக, பாட்டியை இறக்கிவிட்டு உடனே நகர்ந்தீர்கள் என்றால் கோட்டைப் பொறுத்து மறுக்க வழி உண்டு. பாட்டியைக் கைபிடித்து வீரமாகாளியம்மன் சன்னதி வரை கொண்டுபோய் விட்டு வந்தீர்கள் என்றால் அது நிறுத்தியதுதான். வண்டிக்குள் ஓட்டுநர் இல்லாத படம் ஒன்று போதும்.

இதுக்கெல்லாம் லைசென்ஸ்ல பாயிண்ட் ஏறுமா?

பேட்டையில் கட்டணம் கட்டாதது போன்றவற்றுக்குக் குற்றப் புள்ளி ஏறாது. சாலையில் ஆபத்தும் இடைஞ்சலும் உண்டாக்கும்படி நிறுத்திய சில குற்றங்களுக்கு ஏறும், அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். உரிமம் எடுத்து ஓராண்டு முடியாத புது ஓட்டுநருக்கு 13 புள்ளியிலேயே உரிமம் பறிபோகும். பிழைப்புக்கு ஓட்டுபவர்கள் தொகையைப் பார்ப்பதற்கு முன் புள்ளியைப் பாருங்கள். "சின்னத் தொகைதானே" என்று கட்டிவிட்டால் புள்ளியும் சேர்ந்தே வரும்.

தீபாவளி அன்னைக்கு வீவக பார்க்கிங் ஃப்ரீதானே? அப்புறம் ஏன் சம்மன்?

பல வீவக பேட்டைகளில் ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம். எல்லாப் பேட்டையிலும் அல்ல; வாசல் பலகையில் இருந்தால்தான். இலவசம் என்பது கட்டணத்துக்கு மட்டும். சிவப்பு லாட், மாதக் கட்டணம் கட்டும் சீசன் அட்டைக்காரர்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் இலவச நாளிலும் அவர்களுக்கே. தீபாவளி விருந்துக்கு வந்து, வெள்ளை லாட் நிரம்பியதால் சிவப்பில் விட்டு, சம்மனோடு வீடு திரும்புகிறவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். பலகாரம் கொடுத்து அனுப்பும் வீட்டுக்காரர்கள் "கீழே எந்த லாட்டில் விட்டீர்கள்?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இரவு 10.30 தாண்டியும் பேச்சு ஓடினால் கட்டணம் தொடங்கிவிடும். இதற்கு மறுப்பு கிடையாது.

சீசன் பார்க்கிங் மாசக் கடைசியில முடிஞ்சதே தெரியல.

கருணை மனு. உடனே புதுப்பித்துவிட்டு, அந்த ரசீதோடு அனுப்புங்கள். புதுப்பிக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? தானியங்கிக் கழிப்பு ஏற்பாடு செய்தும் வங்கிக் கணக்கில் பணமிருந்தும் பணம் எடுக்கப்படவில்லை என்றால் வங்கி அறிக்கையை இணையுங்கள். அது கருணையைத் தாண்டி மறுப்புப் பக்கம் போகும்.

அப்பாவுக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலி லாட்டுல நிறுத்தினா தப்பா?

அதற்கான அனுமதி வில்லையை வண்டியில் வைக்காமல் நிறுத்தினால் தவறு. எஸ்ஜி எனேபிள் அமைப்பு இரண்டு வகை வில்லை தருகிறது. உடற்குறையுள்ளவரே ஓட்டுநர் என்றால் முதல் வகை. அவர் பயணி என்றால் இரண்டாம் வகை. இதில் அந்த லாட்டில் 60 நிமிடம் வரைதான், அதுவும் அவரை ஏற்றி இறக்க. வில்லை இருந்தும் வைக்க மறந்திருந்தால் வில்லையின் இருபுறப் படத்தோடு மனுப் போடுங்கள். அப்பா வண்டியில் இல்லாத நாளில் அவர் வில்லையை வைத்து நிறுத்தியிருந்தால் என்னிடம் வராதீர்கள்.

வண்டி என் பேர்ல இருக்கு, ஓட்டினது என் மச்சான்.

உரிமையாளர் என்ற முறையில் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். அன்று ஓட்டியவரின் விவரத்தைக் கொடுக்க அறிவிப்பிலேயே வழி இருக்கும்; கெடுவுக்குள் கொடுத்தால் பொறுப்பு அவருக்குப் போகும். மச்சான் கோபித்துக்கொள்வாரே என்று தள்ளிப் போட்டால் கெடு தாண்டிவிடும். புள்ளிக்குப் பயந்து ஓட்டாதவர் பெயரைக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. பார்க்கிங் சம்மனை விடப் பன்மடங்கு பெரிய குற்றம் அது.

வண்டியை விற்ற பிறகு சம்மன் வந்தால், உரிமை மாற்றம் பதிவான தேதியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் எடுத்து இணையுங்கள். பணம் கைமாறிய தேதி செல்லாது.

கம்பெனி லாரி. டெலிவரிக்குப் போன இடத்துல சம்மன். முதலாளி சம்பளத்துல பிடிப்பேங்கறாரு.

இரண்டு விஷயம். சம்மனை எதிர்க்கலாமா என்பது மேலே சொன்னபடி. அன்றைய டெலிவரி ஆர்டரில் பெற்றவரின் கையெழுத்தும் நேரமும் இருந்தால் அது உங்கள் நல்ல ஆதாரம். சரக்கு இறக்கும் இடம் நிரம்பியிருந்தது என்றால் அதையும் அன்றே படம் எடுத்து உங்களை டெலிவரிக்கு அனுப்பியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வையுங்கள். நேரம் தானாகப் பதிவாகிவிடும். லாரியை இரவில் எங்கே விடுவது என்பது வேறு: கனரக வாகனத்துக்கு நிறுத்துமிடச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதில் சொன்ன இடத்தில்தான் விட வேண்டும். புளோக் பக்கத்தில் விடச் சொன்னது முதலாளி என்றால் அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள்.

சம்பளப் பிடித்தம் வேலைச் சட்டத்தின் கீழ் வரும். சட்டம் அனுமதித்த காரணங்களுக்கு மட்டுமே பிடிக்க முடியும். வெளிநாட்டு ஊழியராக இருந்தால் சிராங்கூன் சாலையில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் சம்பளச் சீட்டோடு போய்க் கேளுங்கள்.

ஜேபி (ஜொகூர் பாரு) வண்டி. மலேசிய நம்பருக்கு வந்த சம்மனைக் கட்டாம விட்டா என்ன?

2019 ஏப்ரல் முதல், கட்டாத அபராதம் உள்ள வெளிநாட்டு வண்டிகளைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்ப முடியும். குடும்பத்தோடு உட்லண்ட்ஸ் பாலத்தில் வரிசையில் நின்று திரும்புவதை விட, ஏஎக்ஸ்எஸ் இணையத்தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

காண்டோல சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. இதுக்கு எங்க அப்பீல்?

மேலே சொன்ன எந்த அமைப்பிலும் இல்லை. அது தனியார் இடம். பூட்டியது கட்டட நிர்வாகம். அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது, வருகையாளர் பதிவில் உங்கள் பெயர் உண்டா, பூட்டின் கட்டணம் எந்த விதியில் உள்ளது என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் பார்க்கப் போன வீட்டுக்காரரைப் பேசச் சொல்வதுதான் பலன் தரும், ஏனென்றால் நிர்வாகம் அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பூட்டை உடைத்தால் கதை உங்கள் பக்கம் திரும்பிவிடும். பணம் கட்டி எடுத்தால் ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு எழுத்தில் கேளுங்கள்.

சம்மன் எழுதிக்கிட்டிருக்கும்போதே வண்டிகிட்ட ஓடி வந்துட்டேன். அதிகாரி கேக்கவே இல்ல!

போட்ட பிறகு அங்கேயே ரத்து செய்வது அவர் கையில் இல்லை. கேட்க வேண்டியதை மனுவில் கேளுங்கள். திட்டுவதும் வழிமறிப்பதும் வேறு வழக்காக முடியும். பொதுச் சேவை ஊழியர்களைத் தொல்லையிலிருந்து காக்கும் சட்டம் 2014 முதல் இருக்கிறது. வெயிலில் நடக்கும் அந்த அக்காவுக்கும் அது வேலைதான்.

எம்பியைப் பார்த்தா வேலை ஆகுமா?

மக்கள் சந்திப்புக்குப் போகலாம். நாடாளுமன்ற உறுப்பினர் உங்கள் சார்பாக அமைப்புக்குக் கடிதம் எழுதுவார். முடிவு அமைப்புடையது, கடிதம் உங்கள் ஆதாரத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க வைக்கும், இல்லாத ஆதாரத்தை உண்டாக்காது. போகும்போது அறிவிப்பு, முதல் மனு, அதற்கு வந்த பதில் மூன்றையும் எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு வரிசையில் காத்திருந்து, எண் தெரியாமல் திரும்புகிறவர்கள் நிறைய. நீதிமன்றத்துக்குப் போய்விட்ட வழக்குக்கு இந்த வழி கிடையாது.

அப்பீலை நிராகரிச்சுட்டாங்க. திரும்பப் போடலாமா?

புது ஆதாரம் இருந்தால் போடுங்கள். அதே கதையை இன்னும் சோகமாக எழுதினால் அதே பதில்தான். நிராகரிப்புக் கடிதத்தில் புதுக் கெடு இருக்கும். கருணை கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் கட்டிவிடுங்கள். அங்கே இனி போராட ஒன்றுமில்லை.

கட்டாமலும் பதில் சொல்லாமலும் விடுவது மட்டும் வேண்டாம். சாலை வரி புதுப்பிக்கப் போகும்போது நிலுவை அபராதம் குறுக்கே நிற்கும். அதற்குள் வழக்கும் பதிவாகியிருக்கும்.

கோர்ட் அழைப்பாணை வந்திருச்சு. இப்ப என்ன?

தேதியைப் பாருங்கள், அன்று போங்கள். ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்கள். இத்தகைய சிறு குற்றங்களுக்கு மாலை 6 மணிக்குக் கூடும் இரவு நீதிமன்றமும் உண்டு. தமிழில்தான் பேச வரும் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். போகாவிட்டால் கைதாணை பிறப்பிக்கப்படலாம். தேதி தாண்டிவிட்டது என்றால் ஒளிந்துகொள்ளாமல் அடுத்த வேலை நாளே நேரில் போவதுதான் நல்லது.

குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்தால், சில வழக்குகளில் நீதிமன்ற நாளுக்கு முன்பே ஏட்டம்ஸ் என்ற தானியங்கி முறையில் ஏஎக்ஸ்எஸ் இயந்திரம் வழியே ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாம். மறுப்பதாக இருந்தால் விசாரணை கேட்க வேண்டும். புகைப்படங்களோடு அமைப்பின் தரப்பு வரும், சம்மன் போட்டவர் சாட்சி சொல்வார், நீங்களே கேள்வி கேட்கலாம். ஒரே நாளில் முடியாது. தோற்றால் நீதிமன்றம் விதிக்கும் அபராதம் முதலில் கேட்ட தொகையைவிடக் கூடலாம். நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சமூக நீதி நிலையத்தில் முதலில் யோசனை கேளுங்கள்.

நான் தப்பே பண்ணல. ஆனா லீவு போட்டா சம்பளம் போகுது. கட்டித் தொலைச்சிடவா?

இதற்கு நான் ஆளுக்கு ஒரு பதில் சொல்வேன். புள்ளி இல்லாத பேட்டைக் குற்றம், ஆதாரமும் அரைகுறை என்றால் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. புள்ளி ஏறும் குற்றம், ஓட்டித்தான் பிழைக்கிறீர்கள், கையில் நேரம் பதிந்த ஆதாரம் இருக்கிறது என்றால் ஒரு நாள் சம்பளத்தை விட உரிமம் பெரிது. இரவு நீதிமன்றம் கிடைத்தால் அந்தச் சம்பளமும் போகாது. அழைப்பாணையில் எந்த நேரம் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். முதலாளியிடம் விடுப்புக் கேட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு பார்த்தவர்களும் உண்டு.